மரநாய்க் கொயினை விசாரித்த ராத்தா

பிரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பார்கள். கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த ராத்தா கேட்ட முதல் கேள்வி, “இதில எது முதல்ல பழுதாப் போகும்?” என்பதுதான். கல்முனையில் முதலாவது கடைக்காரர், “ஒண்டும் போகாது ராத்தா, உங்கட காலத்துக்கும் நிக்கும்” என்று மார்தட்டினார். ராத்தா ஸலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். இரண்டாவது கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, “கதவு ரப்பர் மூணு வருசத்தில இளகும்” என்றார். அவரிடமே வாங்கினார். மூன்றாம் வருடம் ரப்பர் இளகியது. ராத்தா ஒரு பெட்டி மஸ்கட் அல்வாவோடு அந்தக் கடைக்குப் போய், “சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க” என்று கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் பயந்துபோய்ப் புது ரப்பரைச் சும்மாவே போட்டுக் கொடுத்தாராம்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் இப்போது மகளோடு கத்தாரில் இருக்கிறார். இருந்தாலும் இதை யாராவது வாசித்துக் காட்டினால் அங்கிருந்தே வீடியோ கோல் எடுத்து, “எங்க, முகத்தக் காட்டு” என்பார். முகத்தைக் காட்டினால் எந்த வரியில் நான் பொய் சேர்த்திருக்கிறேன் என்று பிடித்துவிடுவார். ஒழுங்கையில் பாதிப் பேருக்கு அவர் ராத்தா, அதாவது அக்கா; மீதிப் பேருக்குச் சாச்சி, அதாவது சின்னம்மா. நான் இடையில் வந்து சேர்ந்தவன் என்பதால் மனைவி கூப்பிட்டபடியே நானும் ராத்தா என்று கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு.

நான் நிந்தவூர்க்காரன். ஆங்கில வாத்தியார். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து வந்தவன். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டி வைப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வருகிறவன் ஒரு நாள் விருந்தாளி அல்ல, அவன் குறட்டையையும் கோபத்தையும் அந்த வீடு ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டும். ஆகவே மாப்பிள்ளை விசாரிப்பது இங்கே பெரிய உத்தியோகம். எங்கள் ஒழுங்கைக்கு அந்த உத்தியோகத்தில் ராத்தாதான் இருந்தார். சம்பளம் கிடையாது. ஓட்டோவுக்குப் பெற்றோலும், காரியம் கூடி வந்தால் ஒரு சட்டி வட்டிலப்பமும். ஓட்டோ ஓட்டுவது அவருடைய மனிசன், கணவர். அந்த மனிதர் வாழ்நாளில் பேசிய சொற்களை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடலாம்.

மற்றவர்கள் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், “பொடியன் எப்படி?” என்று நேராகக் கேட்பார்கள். ராத்தா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இறங்கி, “இதால ஒரு வளவு விலைக்கு இரிக்காம். பக்கத்து ஆக்கள் எப்படி? வாங்கினா நிம்மதியா இரிக்கலாமா?” என்று கேட்பார். கலியாணம் என்றால் பொய் சொல்லக்கூடிய மனிதர்கள் காணி என்றால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். “வளவு நல்லம், ஆனா பக்கத்து வீட்டு மூத்தவன் கோவம் வந்தா கதவுக்கு உதைப்பான்” என்று வந்துவிடும். ராத்தா கதவுக்கு உதைக்கிறவனை வேண்டாம் என்று சொல்லமாட்டார். “கதவுக்கு உதைப்பான், ஆளுக்கு உதைக்க மாட்டான். கதவு பலமா இரிந்தாக் குடுங்க” என்று வந்து சொல்வார்.

அவருக்குப் பயம் எல்லாம் குறை இல்லாத மாப்பிள்ளைகளிடம்தான். ஒருமுறை அக்கரைப்பற்றில் ஒரு கடைக்கு முன்னால் ஆறு பேர் நின்று, ஆறு பேரும் “தங்கமான பொடியன்” என்றார்கள். ராத்தா அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். ஆறு பேர் காலிலும் சீமெந்து. “இண்டைக்கு வேலை இல்லியா தம்பி?” என்று ஒருவரைக் கேட்டார். “முதலாளி அரை நாள் லீவு தந்த” என்றார் அவர். மாப்பிள்ளையின் மாமா கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர் என்பது ராத்தாவுக்கு முதலே தெரியும். அந்தச் சம்மந்தம் அன்றோடு முடிந்தது.

பிசகாமல் இருந்தார் என்று சொல்லமாட்டேன். பொத்துவிலில் இருந்து வந்த ஒரு சம்மந்தத்தை, அந்தப் பொடியனைப் பற்றி எங்கே கேட்டாலும் ஒரு குறை கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிவிட்டார். பிறகு அந்த மாப்பிள்ளை வேறு ஊரில் கலியாணம் முடித்து, மாமியாருக்குக் கால் பிடித்துவிடுகிற அளவுக்கு நல்லவர் என்று பேரெடுத்தார். இதைச் சொல்லி நாங்கள் பகிடி பண்ணினால், “இன்னும் நாள் இரிக்கி” என்பார். அப்போது அந்த மனிதருக்கு மூன்று பிள்ளைகள்.

என்னையும் அவர்தான் விசாரித்தார். மனைவி வீட்டாருக்குச் சொன்ன முடிவைக் கலியாணத்துக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். “பொடியன் பரவாயில்ல. தன்னக் கெட்டிக்காரன் எண்டு நெனக்கிறான், அது ஒண்டுதான்.” எனக்கு அது குறையாகவே படவில்லை. கெட்டிக்காரன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைப்பதில் என்ன குற்றம்?

ரூபாய் விழுந்து, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் ஒருவாறு முடிந்திருந்தது. வங்கியில் போட்டது அங்கேயே கரைகிறது என்று எல்லோருக்கும் ஒரு நடுக்கம். எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் இருக்கும் அறையில், பாடத்திட்டம் பற்றிப் பேசுவது நின்று கிரிப்டோ பற்றிப் பேசுவது தொடங்கியது. கணித வாத்தியார்தான் தொடங்கி வைத்தவர். புதிதாக ஒரு கொயின் வருகிறது, ஆரம்பத்திலேயே நுழைந்தவர்கள் ஆறு மாதத்தில் மாடி வீடு கட்டுவார்கள் என்றார். கொயினின் பெயர் ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் மரநாய். அதன் இணையக் கருத்துக்களம் ஒன்று இருந்தது. உலகம் முழுக்க ஆட்கள் வந்து அந்தக் கொயினைப் பற்றி எழுதுகிற இடம். நானூறு பக்கத்துக்குப் புகழ்ச்சி. ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் அத்தனையையும் வாசித்தேன். நானூறு பக்கம் ஒருவரைப் புகழ்ந்தால் அவரிடம் ஏதாவது இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். வாத்தியாருக்குப் பக்க எண்ணிக்கை என்றால் ஒரு மரியாதை.

எங்களுக்கு ஒரே மகள். படிப்பு முடிகிற கட்டம். வீட்டுக்கு மேல் அவளுக்கென்று ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் பக்கவாட்டில் நிலமே இல்லை, எல்லோரும் மேலேதான் போகிறோம். சுவர் எழும்பி விட்டது. மேல் கொங்கிறீட்டுக்கு வைத்த சல்லியும் எட்டு யன்னலுக்கு வைத்த சல்லியும் மனைவியின் கணக்கில் காசாகக் கையில் இருந்தன. இரண்டையும் மரநாயில் போட்டு, இரண்டு மாடியாக எடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

மனைவி மாவை அரித்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “ராத்தா விசாரிக்காம இந்த வீட்டுக்குள்ள ஒண்டும் வந்ததில்ல. நீங்களே அப்பிடித்தான் வந்த” என்றார்.

“இது மாப்பிள இல்ல. இது தொழில்நுட்பம்.”

“இரிக்கட்டும். உள்ள வாறதுதானே?”

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தெரியாத ஒருவரிடம் உலகப் பொருளாதாரத்துக்கு அனுமதி கேட்டுப் போகிறேனே என்று. ராத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனிசன் மூலையில் கதிரையில் இருந்தார். விசயத்தைச் சொன்னேன். ராத்தா வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டார்.

“எந்த ஊர்?”

“ஊர் இல்ல ராத்தா. இன்டர்நெட்.”

“வாப்பா ஆரு?”

“செய்தவங்க பேர் சொல்றல்ல. அது அவங்கட கொள்கை.”

“படம் இரிக்கா?”

கொயினின் படத்தைக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட மரநாய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ராத்தா நெடுநேரம் பார்த்தார். அவர் வீட்டுப் பின்வளவில் போன மாதம்தான் ஒரு மரநாய் நாலு கோழியைக் கொண்டுபோயிருந்தது.

“ஊர் இல்ல, வாப்பா இல்ல. படத்துக்கு மரநாய வெச்சிட்டு, கோழி வளக்கிறவங்கிட்டச் சல்லி கேக்கிறாங்க. சரி, ஊராக்கள் என்ன சொல்றாங்க? வாசி.”

இந்த இடத்தில் நான் ஒரு வேலை செய்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. களத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வசனத்தைத்தான் எழுதியிருந்தார்கள். ஒரே சொல் என்றால் ராத்தாவுக்குப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். ஆகவே மொழிபெயர்க்கும்போது ஆளுக்கொரு விதமாக மாற்றி வாசித்தேன். ஒருவருக்கு “மெச்சத்தக்க முயற்சி” என்றேன். ஒருவருக்கு “ஆகவே இதில் நம்பிக்கை வைக்கலாம்” என்றேன். ஒரு பிரேசில்காரருக்கு “இது எமது குடும்பத்தின் விடிவு” என்றுகூட வைத்தேன். மொழிபெயர்ப்பில் அவ்வளவு உழைப்பை நான் பரீட்சைத் தாளுக்கும் கொடுத்ததில்லை.

பத்துப் பேரை வாசித்ததும் ராத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, இவங்க எல்லாம் வாத்திமாரா?”

“ஏன் ராத்தா?”

“எல்லாரும் உன்னப் போலயே கதைக்கிறாங்க. ஒராள் ‘ஆகவே’ எண்டாச் சரி. நாலு பேர் ‘ஆகவே’ எண்டு சொல்றாங்க. உன்ட மாமியார் வீட்டுல ஒரு நாளைக்கு எத்தின ‘ஆகவே’ எண்டு நான் இஞ்ச இரிந்தே எண்ணுவன். உள்ளத வாசி.”

உள்ளதை வாசித்தேன். எல்லாம் ஒரே வரி. நாங்கள் சந்திரனுக்குப் போகிறோம், பக்கத்தில் ஒரு ரொக்கெட் படம். அடுத்ததும் சந்திரன், ரொக்கெட். ஹலாலா ஹறாமா என்று யாரோ கேட்டதற்கு மட்டும், ஹலால் சான்றிதழ் வந்துகொண்டிருக்கிறது என்று பதில் இருந்தது. “என்ன, பிஸ்கட்டா?” என்றார் ராத்தா. பிறகு திரையில் விரலை வைத்தார். “பேருக்குக் கீழ அது என்ன இலக்கம்?”

“இந்தக் களத்தில சேர்ந்த திகதி.”

“அத மட்டும் வாசி.”

பதினாலாம் திகதி. பதினாலாம் திகதி. அடுத்தவரும் பதினாலாம் திகதி. வேறு திகதிக்காரர் வருவார் என்று நான் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் போனேன். ஏழு பக்கத்துக்கு எல்லோரும் ஒரே மாதம் பதினாலாம் திகதி பிறந்தவர்களாக இருந்தார்கள்.

“ஒரே பஸ்ஸில வந்து இறங்கி இரிக்காங்க” என்றார் ராத்தா.

மூலையில் இருந்த மனிசன் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“இவங்க எல்லாரும் அப்பிடித்தான் ராத்தா. கிரிப்டோ எண்டாலே இப்பிடித்தான் கதைப்பாங்க.”

“அப்ப வேற ஒண்டக் காட்டு. இதப்போலப் புதுசு, ஆனா வேற வீடு.”

தேடி இன்னொரு புதுக் கொயினின் களத்தைத் திறந்தேன். அதை நான் முன்பே பார்த்துக் கொட்டாவி விட்டு மூடியிருந்தேன். அங்கே ஒரு ரொக்கெட்டும் இல்லை. மூன்று பக்கத்துக்கு ஒரு சண்டை. அவர்களுடைய செயலியைத் திறந்தால் போனில் சார்ஜ் இறங்குகிறது என்று ஒருவர் ஏசுகிறார். இல்லை, உன்னுடைய போன் பழசு என்று இன்னொருவர். அவர்கள் எழுதிய கணக்கு வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று மூன்றாமவர் வரி வரியாகக் காட்டுகிறார். கடைசியில் கொயினைச் செய்தவரே தன் பெயரோடு வந்து, பிழை எங்களுடையது, இரண்டு கிழமை தாருங்கள் என்று எழுதியிருந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அதே ஏசினவர் வந்து, இப்போது சரி, ஆனால் இன்னொரு பிரச்சினை இருக்கிறது என்று தொடங்கியிருந்தார்.

ராத்தா முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சம்மந்தம் கூடி வரும்போது அவருக்கு அந்த முகம் வரும்.

“இது குடும்பம். சண்ட பிடிக்கிறாங்க, ஆனா என்ன சாமானுக்குச் சண்ட பிடிக்கிறம் எண்டு தெரிஞ்சு பிடிக்கிறாங்க. மரநாய் வீட்டுல ஒருத்தனாவது அந்தச் சாமான் என்ன வேல செய்யும் எண்டு சொன்னானா?”

நான் யோசித்துப் பார்த்தேன். நானூறு பக்கத்தில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

“அப்ப இதில போடவா ராத்தா?”

“நல்ல மாப்பிள எண்டுதான் நான் சொன்ன. நம்மட புள்ளைக்குத் தேவையா எண்டு சொல்லல்ல. அது வேற கேள்வி. இப்ப மரநாய் வீட்டுக்குப் போ. நம்மட வளவுக் கேள்வியக் கேப்பம்.”

“வளவா?”

“வாங்கிறது எப்படி எண்டு கேட்டா எல்லாரும் வழி சொல்லுவான். நீ, என்னட்ட இந்தக் கொயின் இரிக்கி, பாதிய விக்கோணும், எப்படி விக்கிற எண்டு கேளு.”

ஆங்கிலத்தில் மரியாதையாக ஒரு கேள்வி எழுதினேன். பெரும் பிழையில்லாத வசனம். இரண்டு நிமிடத்தில் பதில்கள் வந்து விழத் தொடங்கின. கோழை என்று ஒருவர். உன் பிள்ளைகள் உன்னைச் சபிப்பார்கள் என்று ஒருவர். நீ எதிரி வீட்டு ஆள் என்று இன்னொருவர். இருபது பேர் வந்தார்கள், ஒருவரும் விற்கிற வழியைச் சொல்லவில்லை. வெங்காயத் தட்டு திரும்ப மடிக்கு வந்து பாதி உரிவதற்குள் என் கேள்வியே அழிந்தது. பிறகு என் பெயரும் அழிந்தது. உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

“என்ன சொல்றாங்க?”

“என்ன வெளிய போட்டுட்டாங்க.”

“விசாரிக்க வந்தவன உள்ள விடாம கடப்புக் கதவப் பூட்டினா, வீட்டுக்குள்ள என்ன இரிக்கி எண்டு வேற பாக்கோணுமா?” என்றார் ராத்தா, வெங்காயத்தைப் பார்த்தபடி.

அந்த நேரம் நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. என் கை போனுக்குப் போயிருந்தது. அதில் இருந்த விற்கிற பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். பிறகு நிறுத்தாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது ராத்தா வெங்காயத்தை விட்டுவிட்டு என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி,” என்றார் மெதுவாக. “விசாரிக்க முன்னமே நிக்காஹ் முடிஞ்சிட்டா?”

தலையை ஆட்டினேன்.

“எத்தின யன்னல்?”

“எட்டும்.”

“கொங்கிறீட்?”

“அந்தச் சல்லிய வெள்ளிக்கிழம கொயின்ல போட இரிந்த.”

அவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். யன்னல் சல்லியை மூன்று கிழமைக்கு முன்பே போட்டுவிட்டேன். இலாபத்தோடு எடுத்து மனைவிக்கு முன்னால் வைத்து அசத்தலாம் என்பது திட்டம். இப்போது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கொயின் சரியில்லை என்று சொல்லட்டும், கொங்கிறீட் தப்பட்டும், யன்னல் கதை மட்டும் வீட்டுக்குப் போகக் கூடாது. ராத்தாவிடம் கெஞ்சினேன். வயது வந்த மனிதன், பதினெட்டு வருட வாத்தியார், கெஞ்சினேன்.

“என்ன விசாரிக்கச் சொன்னது உன்ட பொஞ்சாதி. நான் அவக்குத்தான் சொல்லோணும். குறைய மறைக்க ஆள் வேணுமெண்டா, உன்ட பெட்டிக்குள்ள நானூறு பக்கம் இரிக்கி. அவனுகளக் கேளு.”

அடுத்த நாள் காலையில் வந்து, எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். மனைவி சத்தம் போடவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவும் இல்லை. சோறு வந்தது, கறி வந்தது, கதை மட்டும் வரவில்லை. நாலாம் நாள், “கொங்கிறீட்டச் சனிக்கிழம போடுறம்” என்றார். போட்டோம். யன்னல் இருக்க வேண்டிய எட்டு ஓட்டைக்கும் நீலப் பொலித்தீன் கட்டினோம். கடல் காற்று அடித்தால் அந்தப் பொலித்தீன் படபடக்கிற சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். சில வாரங்களில் மரநாய்க் கொயின் ஒன்றுமில்லாமல் போனது. களமும் நானூறு பக்கத்தோடு காணாமல் போனது. கணித வாத்தியார் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு என்னோடு பஸ்ஸில் வரத் தொடங்கினார். நாங்கள் இருவரும் பாடத்திட்டம் பற்றிப் பேசிக்கொண்டோம்.

ராத்தாவோடு நான் கதைப்பதை விட்டுவிட்டேன். காசு போனதற்காக அல்ல. மனைவிக்கு முன்னால் என் விலை இறங்கியதை என்னால் தாங்க முடியவில்லை. இறக்கியது நான்தான், ஆனால் சொன்னவர் மீது கோபப்படுவது லேசு. எதிரே வந்தால் ஸலாம் சொல்லுவேன், அதற்கு மேல் இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

ஒன்றரை வருடத்தில் யன்னல்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தோம். மகளுக்குச் சம்மாந்துறையில் இருந்து ஒரு சம்மந்தம் வந்தது. பொடியன் ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத்தில் வேலை. அவனை ராத்தாதான் விசாரித்தார். மனைவி அதில் என் அபிப்பிராயத்தைக் கேட்கவே இல்லை. மாப்பிள்ளைக்குக் காலையில் எழும்பத் தெரியாது, கைச்செலவு கொஞ்சம் கூட, மற்றப்படி நல்ல பொடியன் என்று முடிவு வந்தது. மனைவிக்கு வீடு கொள்ளாத சந்தோசம்.

இனி அவர்கள் பக்கம் எங்களை விசாரிக்க வருவார்கள். பெண்ணின் வாப்பா எப்படி, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று நாலு இடத்தில் கேட்பார்கள். மகள் அந்தப் பொடியனின் பெயரைச் சொன்னால் தலையைக் குனிந்து சிரிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தாள். இது தட்டிப்போனால் என் பிள்ளை உடைந்துபோவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யன்னல் கதை ஒழுங்கைக்கே தெரிந்த கதை. அது அவர்கள் காதுக்குப் போகாமல் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் ஆளுக்கு ஆள் போய்ப் பேசினேன். சந்தியில் உள்ள கடைக்காரர், லோண்டரிக்காரர், மருந்துக் கடைக்காரர், முடி வெட்டுகிறவர், பக்கத்து வீட்டு ஹாஜியார். ஐந்து பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, யாராவது வந்து கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். வசனத்தையும் நானே அமைத்துக் கொடுத்தேன். ‘பண்பான மனிதர், ஒழுக்கமான குடும்பம்.’ சின்ன வசனம், மறக்காது. ராத்தா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. கோபம் ஒரு பக்கம். போனாலும் பிரயோசனம் இல்லை என்பது மறுபக்கம். அவர் வீடு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. வருகிறவர்கள் அதுவரை நடக்காமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்டேன்.

பத்து நாளில் சம்மதம் என்று செய்தி வந்தது. என் ஐந்து பேரும் வேலையைச் சரியாகச் செய்துவிட்டார்கள் என்று மகிழ்ந்து, ஐந்து பேருக்கும் திரும்பத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

நிக்காஹ் அன்று பகல் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற சஹன். சம்மந்தி எனக்குப் பக்கத்தில். கலகலப்பான மனிதர். இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே, “மச்சான், ஒண்டு சொல்லவா? உங்கட ஒழுங்கைக்கு விசாரிக்க வந்தது நான்தான்” என்றார்.

“அப்பிடியா” என்றேன், தெரியாதவன் போல.

“சந்தில இரிந்து கேட்டுக்கிட்டு வந்தன். அஞ்சு பேரும் ஒரே வசனம். ‘பண்பான மனிதர், ஒழுக்கமான குடும்பம்.’ முடி வெட்டுறவரு அதையும் பிழையில்லாம இலக்கணமாச் சொன்னாரு. எனக்குப் பயமாப் போயிட்டு மச்சான். இவ்வளவு சோடிச்சு வெச்சிரிக்காங்க எண்டா உள்ள என்னவோ பெரிய சாமான் இரிக்கி. வேணாம், போவம் எண்டு திரும்பிக் கிறுகிட்டன்.”

அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, விழுங்கி முடியும் வரை நான் காத்திருந்தேன்.

“மறுகா என்ன நடந்த?”

“கடைசி வீட்டுக் கடப்புல ஒரு பொம்பிள நிண்டா. ஆரத் தேடுறீங்க எண்டு கேட்டா. எனக்குச் சலிச்சுப் போயிருந்திச்சு. நேராவே கேட்டன், இந்த வாத்தியார்ட என்ன குறை எண்டு. இரிங்க எண்டு சொல்லி உள்ள போய்க் கதிர கொண்டுவந்து போட்டா. அவட மனிசன் தேத்தண்ணி கொண்டுவந்த.”

“எவ்வளவு நேரம் இரிந்தீங்க?”

“அஸருக்குப் பிறகு இரிந்த. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிட்டாங்க.”

“யன்னல் கதை?”

“அது மூணாவது.”

முதல் இரண்டும் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சஹனைச் சுற்றி இருந்த மற்ற நாலு பேரும் சாப்பாட்டை மறந்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்மந்தி விரலை நக்கிவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“எல்லாம் சொல்லி முடிச்சிட்டுக் கடைசில சொன்னா, ‘இவ்வளவுதான். இதுக்கு மேல ஒண்டும் இல்ல. இருவது வருசமாத் தேடிப் பாத்துட்டன்’ எண்டு. அந்த ஒரு சொல்லுக்குத்தான் மச்சான், நான் ஊட்ட போய் ஓம் எண்டு சொன்ன.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்பல் உறைப்பு என்று சொல்லித் தண்ணீர்க் கோப்பையை எடுத்தேன். அன்று யாரும் சம்பல் வைத்திருக்கவில்லை.